முறிந்த இடம்

டிரெய்லர் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தபோது அதற்கு முன்பகுதி இல்லை. இழுக்கிற வண்டியோடு அதைச் சேர்க்கும் முன்தண்டு முறிந்து, துண்டாக உள்ளே கிடந்தது. ஒரு லாரியின் முதுகில் ஏற்றிக் கொண்டுவந்து, பலகைகளைச் சரித்து, நான்கைந்து பேர் சேர்ந்து இறக்கினார்கள். இறங்கிய வேகத்தில் துணி துவைக்கிற தொட்டியை ஒரு முட்டு முட்டிவிட்டு நின்றது.

அம்மா பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இதைக் கேட்டு வாங்கினீங்களா, இல்ல எவனாவது உங்க தலையில கட்டிட்டானா?”

“இரும்பு விலைக்குக் கொடுத்தாங்க,” என்றார் அப்பா.

“இரும்பு எங்க இருக்கு? எனக்கு சாணிதான் தெரியுது.”

அப்பா டிரெய்லரை ஒரு முறை சுற்றி வந்தார். முன்பக்கம் வந்ததும் ஒரு சாக்கை எடுத்து முறிந்த இடத்தின் மேல் போர்த்தி, கயிற்றால் கட்டினார். மழைக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அது மாடு ஏற்றுகிற டிரெய்லர். பல வருடங்களாக அப்பா ஓட்டியது. பால்பண்ணைக்காரர் ஒருவரிடம் டிரைவராக இருந்தார். அவருடைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் இதை மாட்டி, விற்ற மாடுகளைக் கொண்டுபோய் விடுவார், வாங்கிய மாடுகளை ஏற்றி வருவார். மூட்டை ஏற்றிய வண்டியை ஓட்டுவது வேறு, மாடு ஏற்றிய வண்டியை ஓட்டுவது வேறு. மூட்டை வளைவில் பயப்படாது. அப்பா வளைவு வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் கரைத்துவிடுவார். “எங்க டிரைவர் ஓட்டினா மாடு அசை போடுறதைக்கூட நிறுத்தாது” என்று பண்ணைக்காரரே பலரிடம் சொல்லியிருக்கிறார்.

பாலத்து வளைவில் டிரெய்லர் தனியாகப் பிரிந்து கவிழ்ந்த அன்று, அதே பண்ணைக்காரர் கூட்டத்துக்கு நடுவில் நின்று, “தூங்கிட்டான்யா,” என்றார். இரண்டு மாடுகள் அங்கேயே செத்தன. மூன்றாவதுக்கு மருத்துவர் வந்து ஊசி போட வேண்டியிருந்தது. ஊசி போடும்வரை அப்பா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்தாராம். யார் என்ன கேட்டும் வாய் திறக்கவில்லையாம். பேசாததால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

அதன் பிறகு அப்பாவை நம்பி யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. மாட்டு வண்டி போகட்டும். தண்ணீர் லாரி, செங்கல் லாரி, பள்ளிக்கூட வேன், எதற்குப் போய்க் கேட்டாலும் “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். டீக்கடையில் ஒருவர், அப்பா காதில் விழும்படியே, “ஓட்டத் தெரியாதவன் ரோடு கோணல்னானாம்” என்றாராம். அப்பா ரோடு கோணல் என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கே இந்தப் பேச்சு.

பகல் நேரத்தில் அவர் வீட்டில் இருந்து நாங்கள் பழகியதில்லை. சமையலறை வாசலில் இருந்த இரும்பு முக்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். ஏதாவது வண்டி வேகமாக முக்கு திரும்பினால் அவருடைய வலது கால் தரையை அழுத்தும். அங்கே பிரேக் இல்லை என்பது காலுக்குத் தெரியாது.

அதனால் டிரெய்லரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரிசெய்து சொந்தமாக ஓட்டப் போகிறார், யாரிடமும் போய் நிற்கத் தேவையில்லை, நாலு முறை ஓட்டிக் காட்டினால் ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நானாகப் போட்ட கணக்கு அது. அப்போது நான் இயற்பியல் படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். சும்மா காத்திருப்பதைவிடச் சாணி சுரண்டிக்கொண்டு காத்திருப்பது பரவாயில்லை.

அண்ணன் அன்று மாலை பட்டறையிலிருந்து வந்தான். முற்றத்தைப் பார்த்தவன் ஒரு நொடி நின்றான். பிறகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

“என்னப்பா இது? விட்டுச்சு சனியன்னு இருக்காம, வீட்டுக்கே கூட்டிட்டு வந்திருக்கீங்க?”

“ரிப்பேர் பண்ணிடலாம்டா.”

“நீங்க பண்ணுங்க. அந்த நாத்தத்தைத் தொடுறதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க.”

அண்ணன் பெரிய பட்டறை ஒன்றில் வெல்டர். அந்த வருடம் அவனை மேஸ்திரியாக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. கை சுத்தம் என்று பேர். எங்கள் வீட்டில் இருக்கிற இரும்பெல்லாம் அவன் கைபட்டதுதான்: வாசல் கேட், ஜன்னல் கம்பிகள், துணி காயப்போடும் கம்பம், அப்பா உட்காரும் முக்காலி. வெல்டிங் கோடு முடிகிற இடத்தில் மற்றவர்கள் ராடை அப்படியே தூக்கிவிடுவார்கள். அண்ணன் கொஞ்சம் பின்னால் இழுத்து ஒரு சுழி சுழித்துத் தூக்குவான். கோட்டின் முடிவில் சின்னதாக ஒரு வால் நிற்கும். ஆட்டுக்குட்டி வால் மாதிரி மேலே வளைந்திருக்கும். பட்டறையில் அவனுக்கு வால் என்றுதான் பேர். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா கேட்டைக் காட்டி, “இது எம்புள்ள கையெழுத்து,” என்பாள். “சின்ன வயசுலயும் வால், இப்பவும் வால்.”

வேலையை மறுநாளே தொடங்கினோம். முதலில் கழுவினோம். சாணி காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. அப்பா மண்வெட்டியால் சுரண்ட, நான் தண்ணீர் ஊற்றினேன். பக்கவாட்டுக் கதவின் கீல் இடுக்கில் பழுப்பு மயிர் கொஞ்சம் சிக்கியிருந்தது. அப்பா அதை விரலால் எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் சிறிது நேரம் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தரைப் பலகைகளைப் பெயர்த்தோம். மேலே பார்க்கப் பலகை முழுசாகத்தான் இருந்தது. அடியில் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. மாட்டு மூத்திரம் இறங்கி இறங்கி, கீழே இருந்த குறுக்குச் சட்டங்களும் அடுக்கடுக்காய் உரிந்தன. விரலால் அழுத்தினால் ஏடு ஏடாகக் கழன்று வந்தது.

“இத்தனை வருஷம் இதுக்கு மேலயா மாடு நின்னுச்சு?” என்றேன்.

“மாட்டுக்குத் தெரியும். நடுவுல நிக்காது. ஓரமா ஒதுங்கி நிக்கும்.”

“உங்க முதலாளிக்குத் தெரியாதா?”

“அவரு என்னைக்கு உள்ள ஏறினாரு?”

நசுங்கிய பக்கத் தகடுகளை நிமிர்த்துவதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். உள்ளே குறுக்கே ஒரு கட்டையைக் கொடுத்து, கட்டைக்கும் தகடுக்கும் நடுவில் ஜாக்கியை வைத்து மெல்ல மெல்லத் திருகுவார். தகடு முனகும். ‘டப்’ என்று ஒரு சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்று திருகினாலும் கிழியும். நான் வெளியில் நின்று, கை வைத்துப் பார்த்து, “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று கத்துவேன். வீட்டில் நான் கத்தியதை அப்போதுதான் அம்மா முதல்முறை கேட்டாள். என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடிவந்தாள்.

எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் மதில் மேல் எட்டிப் பார்ப்பார்.

“என்ன டிரைவர், கப்பல் கட்டுறீங்களா?”

“ஆமா. தண்ணி வந்தா சொல்லி அனுப்புறேன்.”

எல்லாரும் தன்னிடம் சொல்கிற வார்த்தையையே அப்பா திருப்பிச் சொன்னார். தையல்காரருக்கு அது புரியவில்லை. சிரித்துவிட்டுப் போனார்.

குறுக்குச் சட்டங்களை அண்ணனின் பழைய சின்ன மெஷினை வைத்து அப்பாவே பற்றவைத்தார். அவருடைய வெல்டிங், கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஆனால் பிடிக்கும். பின்கதவு, தாழ்ப்பாள், மாடுகளுக்கு நடுவில் வரும் தடுப்பு எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. முன்பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. நான் சாக்கின் கயிற்றில் கை வைத்தாலே, “அதைக் கடைசியில பாத்துக்கலாம் பாப்பா,” என்பார். அந்த இடத்தைப் பார்த்தால் அவருக்கு மாடுகளின் நினைவு வரும் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் அவர் தரைக்குப் புதுப் பலகை பார்ப்பதற்காக மரக்கடைக்குப் போனார். அவர் வருவதற்குள் முன்பக்கத்தை நானே சுத்தம் செய்து வைத்துவிட்டால் அவர் அதைப் பார்த்துக் கஷ்டப்பட வேண்டியிருக்காது என்று தோன்றியது. சாக்கை அவிழ்த்தேன். டிரெய்லரின் சட்டத்தில் முன்தண்டின் அடித்துண்டு ஒரு முழ நீளத்துக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. எப்படியும் அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தண்டு வைக்க வேண்டும். கட்டிங் மெஷினால் நிதானமாக வெட்டி எடுத்து, தொட்டியடியில் வைத்துக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.

கல்லூரி ஆய்வகத்தில் இரும்புக் கம்பிகளை இழுத்து முறித்து, முறிந்த முகத்தைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பாடம். ஒரே அடியில் முறிந்த இரும்பின் முகம் முழுக்க ஒரே நிறமாக இருக்கும். இது அப்படி இல்லை. முகத்தின் ஒரு பாதியில் இளஞ்சிவப்பாக, நேற்று வந்த மாதிரி மெல்லிய துரு. மறுபாதி கறுத்துக் கிடந்தது. கறுத்த பாதியின் ஓரத்தில் நீலம் தெரிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட். டிரெய்லரின் மேலே இருக்கிற அதே நீலப் பெயின்ட், முறிந்த முகத்துக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது.

முறிந்த பிறகு உள்ளே பெயின்ட் போயிருக்க முடியாது. முறிவதற்கு முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. துண்டின் மேல் ஒரு தகட்டின் பாதி ஒட்டியிருந்தது; விரிசலை யாரோ அந்தத் தகட்டை வைத்து மூடி, பற்றவைத்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விரிசலைத் தோண்டி எடுக்கவில்லை, அது மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் முனையில் ஓட்டை போடவில்லை. உள்ளே இருந்த விரிசல் தகடுக்கு அடியில் தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. பாலத்து வளைவில் அது மிச்ச பாதியையும் தின்று முடித்திருக்கிறது.

அப்பா தூங்கவில்லை.

துண்டைத் தூக்கிக்கொண்டு அப்போதே பண்ணைக்காரர் வீட்டுக்கு ஓடலாமா என்று நினைத்தேன். நான் யார் வீட்டுக்கும் அப்படிப் போனவளில்லை. கடையில் மிச்சம் கேட்கக்கூட நாக்கு எழாது. ஆனால் இதற்குப் பேச வேண்டியதில்லை. காட்டினால் போதும்.

அப்பா சைக்கிளில் பலகைகளைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய்த் துண்டை நீட்டினேன். மூச்சு விடாமல் சொன்னேன். பழைய துரு, புதுத் துரு, உள்ளே பெயின்ட், தகடு, விரிசல். அவர் சைக்கிளை ஸ்டாண்ட் போடாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தப்பு உங்க மேல இல்லப்பா. தண்டு முன்னாடியே விட்டுருக்கு. எவனோ முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மாதிரி மறைச்சிருக்கான்.”

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். துண்டை வாங்கிக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். தகட்டின் ஓரத்தில் வெல்டிங் கசடு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சாவியால் அதைச் சுரண்டினார். சுரண்டிவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

கோடு முடிந்த இடத்தில் ஒரு வால் மேலே வளைந்து நின்றது.

நான் எங்கள் கேட்டைப் பார்த்தேன். துணி காயப்போடும் கம்பத்தைப் பார்த்தேன். திரும்பத் துண்டைப் பார்த்தேன். மூன்றிலும் ஒரே கை.

“விரிசலை முதல்ல பாத்தவனே நான்தான்,” என்றார் அப்பா. “மாடு இறக்கிட்டுத் திரும்பி வர்றப்போ கண்ணுல பட்டுச்சு. முதலாளிகிட்ட சொன்னா கத்துவாரு. வழியிலதானே பட்டறை, நம்ம புள்ள இருக்கான்னு உள்ள விட்டேன். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தாரு. ‘இது ஒரு வேலையாப்பா, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க’ன்னான். குடிச்சிட்டு வந்தேன். முடிச்சு, பெயின்டும் அடிச்சு வச்சிருந்தான்.”

“நீங்க பாக்கலையா?”

“வாலைப் பாத்தேன்.” துண்டைத் தன் பக்கம் திருப்பி, “அழகா இருந்துச்சு,” என்றார்.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அந்தக் கோட்டின் அழகைப் பார்த்தவர், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவன் ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டிக்குப் போடுறான். எதை ஞாபகம் வச்சுக்குவான்?”

“அப்ப சொல்லுங்கப்பா. முதலாளிகிட்ட சொல்லுங்க. ஊரே உங்களைத் தூங்குமூஞ்சிங்குது.”

“சொன்னா? யார் போட்டதுன்னு கேப்பாங்க. மாடு செத்திருக்கு. அவனைப் பட்டறையில வச்சிருப்பாங்களா? கேக்காம கொண்டுபோய் விட்டவன்னு என்னையும் சேத்துதான் அடிப்பாங்க. காட்டினா ரெண்டு பேரும் போவோம். இப்ப ஒருத்தன்தான் போயிருக்கேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரெய்லரைப் பண்ணைக்காரர் பழைய இரும்புக் கடைக்குத்தான் விலை பேசியிருந்தார். அங்கே உடைக்கும்போது யாராவது இந்தத் துண்டைப் பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் அந்த வாலைத் தெரியாத இரும்புக்காரன் இல்லை. அப்பா ஓட்டுவதற்காக இதை வாங்கவில்லை. சாக்குப் போட்டு மூடுவதற்காக வாங்கினார்.

“கழிவுக் குழியில போட்டுடு பாப்பா,” என்று துண்டை என்னிடம் தந்துவிட்டுப் பலகைகளை அவிழ்க்கப் போனார்.

நான் குழியில் போடவில்லை. தொட்டிக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு செங்கல்லை வைத்தேன்.

அன்று அம்மா பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, அப்பா தூங்கிட்டாருன்னு நீயும் நினைக்கிறியா?”

“தூங்கினாரோ முழிச்சிருந்தாரோ, வண்டி கவுந்துச்சுல்ல?” அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “உங்கண்ணனுக்கு இப்பதான் ஒரு நல்ல நேரம் வருது. பழசைக் கிளறிக்கிட்டு இருக்காதே.”

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இன்னொரு பாத்திரத்தை எடுத்திருப்பாள்.

முன்தண்டு வேலைக்கு அப்பாவின் வெல்டிங் போதாது. மொத்தப் பாரத்தையும் இழுப்பது அதுதான். சாப்பிடும்போது அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

“முன்தண்டு மட்டும் நீ போட்டுக் கொடுத்துடுடா.”

“நான்தான் அன்னிக்கே சொன்னேன்ல.”

“போட்டுக் கொடேன்டா,” என்றாள் அம்மா. “அப்பாவும் அந்தக் கழுதையை எத்தனை நாளைக்கு முற்றத்துல கட்டிப் போட்டிருப்பாரு?”

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “சரி, போடுறேன். நான் போட்டா முறியாது. ஓட்டுறவங்க தூங்காம ஓட்டினாப் போதும்.”

அப்பா தண்ணீர் குடித்தார். அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. அண்ணனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இப்படிச் சொல்ல நாக்கு வராது, என்றைக்காவது தெரியவந்தால் அவனே போய்ச் சொல்லிவிடுவான் என்று நம்பினேன். அவன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் மேடையேறிப் பேசப் பயந்து நான் அழுதபோது, எனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியரிடம் பொய் சொல்லித் திட்டு வாங்கியவன் அவன்.

விடுமுறை நாளில், பட்டறையிலிருந்து பெரிய மெஷினும் புது ராடுகளும் கொண்டுவந்தான். அதற்கு முந்தைய வாரம்தான் அம்மாவின் தண்ணீர் வாளிக்குப் புதுப் பிடி வைத்துக் கொடுத்திருந்தான். அதில் இரண்டு பக்கமும் இரண்டு வால்கள், பளபளவென்று.

“ஏய் சயின்டிஸ்ட், அந்தப் பக்கம் பிடி. அசையக் கூடாது. கண்ணை மூடிக்கோ.”

நான் புதுத் தண்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் அப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. வீட்டு வேலை என்றால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டிவிடுவான். அன்று பாட்டு இல்லை. விளிம்புகளைச் சரிவாகத் தேய்த்தான். ஒரு கோடு போட்டுவிட்டுக் கசடைக் கொத்தி, பிரஷ் போட்டு, கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதன் மேல் அடுத்த கோடு போட்டான். வியர்வை தாடையிலிருந்து சொட்டி இரும்பில் பட்டுச் சுரீர் என்றது. கடைசிக் கோடு மேலே வந்தது. முடிகிற இடத்துக்கு வந்ததும் ராடு ஒரு கணம் நின்றது. பிறகு நேராக மேலே எழும்பியது.

கசடைத் தட்டிவிட்டு நான்தான் பிரஷ் போட்டேன். கோடு சுத்தமாக, வரிசையாக இருந்தது. முடிவில் வால் இல்லை. மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அப்பாவும் குனிந்து பார்த்தார். விரலால் கோட்டின் நீளத்துக்குத் தடவி, முடிகிற இடத்தில் நிறுத்தினார்.

“நல்லா இருக்கு,” என்றார்.

“வாலெல்லாம் இப்ப வைக்கிறதில்லப்பா,” என்றான் அண்ணன், வயரைச் சுருட்டிக்கொண்டே. “மேஸ்திரி ஆகப்போறோம். சின்னப்புள்ளத்தனமா இருக்கும்.”

அவனிடம் யாரும் கேட்கவில்லை.

தண்ணீர் வாளி தொட்டிப் பக்கத்தில்தான் இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் கடந்து உள்ளே போனான்.

டிரெய்லருக்குச் சிவப்புப் பூச்சு அடித்து, அதன் மேல் பச்சை அடித்தோம். நீலம் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். புதுப் பலகை மேல் கால் வழுக்காமலிருக்க ரப்பர் விரித்தோம். கடைசியில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதை இழுக்க எங்களிடம் வண்டி கிடையாது. வாடகைக்கு வண்டி பிடித்து மாடு ஏற்றலாம் என்று அப்பா இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தார். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

பண்ணைக்காரரை அண்ணன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். டிரெய்லர் இல்லாமல் அவருக்கு வேலை முடங்கிக் கிடந்ததாம். வரப்போகிறார் என்று காலையிலேயே சொல்லியிருந்தான். அப்பா சட்டை மாற்றிக்கொண்டார். சட்டை மாற்றும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். நான் போட்ட கணக்கை அவரும் எங்கோ ஓர் ஓரத்தில் போட்டு வைத்திருந்தார் என்று அப்போது தெரிந்தது.

அவர்கள் வருவதற்கு முன்னால் நான் முற்றத்துக்குப் போனேன். தொட்டியடியிலிருந்து துண்டை எடுத்தேன். துணியால் துடைத்தேன். டிரெய்லர் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துண்டை வைத்தேன். முறிந்த முகம் வாசலைப் பார்க்கும்படி, வால் மேலே தெரியும்படி. அப்பா சொன்னதை நான் மீறவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குனிந்து பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பண்ணைக்காரர் பிக்கப்பில் வந்து இறங்கினார். கூடவே ஓர் இளைஞன், அவருடைய புது டிரைவர். பண்ணைக்காரர் டிரெய்லரைச் சுற்றி வந்து தகடுகளைத் தட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லையே டிரைவர்! கிழவிக்குக் கல்யாண அலங்காரம் பண்ணிட்டீங்களே.”

“அடியில எல்லாம் புதுசுங்க. சட்டம், பலகை, எல்லாம். ஏறிப் பாருங்க.”

“நீங்க சொன்னா சரிதான்.” அவர் ஏறவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் வந்து நின்று, சௌகரியமாக ஒரு காலைத் தூக்கி, நான் வைத்த துண்டின் மேல் வைத்துக்கொண்டார். “நானே வாடகைக்கு எடுத்துக்கிறேன். மாசா மாசம் வந்துடும். உங்களுக்கும் உக்காந்த இடத்துல வருமானம்.”

அப்பா காத்திருந்தார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார்.

“ஓட்டுறதுக்கு...” என்றார் கடைசியில்.

“ஓட்ட இவன் இருக்கான்.” பண்ணைக்காரர் இளைஞனைக் காட்டினார். “தப்பா எடுத்துக்காதீங்க டிரைவர். மாடு வாயில்லா ஜீவன்.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். ஒரு சொல் போதும். அதுகூட வேண்டாம்; சும்மா நின்றாலே போதுமாயிருந்தது.

“ஆமா சார்,” என்றான். “அப்பாவுக்கும் வயசாச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல. உங்க ஆளே ஓட்டட்டும்.”

அவன் பார்வை அப்போதுதான் கீழே இறங்கியது. பண்ணைக்காரரின் செருப்புக்கு அடியில், விளிம்பில், வால் மட்டும் வெளியே தெரிந்தது.

“காலை எடுங்க சார், துரு ஒட்டும்,” என்று குனிந்தான். அவர் காலை எடுத்தார். அண்ணன் துண்டை இழுத்துவிட்டு, செங்கல்லைக் காலால் தள்ளிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். நிமிர்ந்தபோது அவன் துண்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அவனுடைய கட்டைவிரல் மட்டும் தானாகவே அந்த வாலின் மேல் போய் நின்றது.

“பட்டறையில எடைக்குப் போட்டுடுறேன்,” என்றான். “வீட்டுல எதுக்குக் கண்ட குப்பை?”

துண்டைத் தோளில் கிடந்த பட்டறைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இளைஞன் பிக்கப்பைப் பின்னால் எடுத்தான். அவனுக்குப் பின்னால் எடுக்க வரவில்லை. ஒரு முறை கேட்டை உரசினான், ஒரு முறை துணிக் கம்பத்தின் மேல் போனான். பண்ணைக்காரர், “பாத்துடா, பாத்துடா,” என்று கத்தினார். தையல்காரர் மதில் மேல் ஏறிவிட்டார்.

அப்பா பின்னால் போய் நின்றார். கையைத் தூக்கினார்.

“வா... வா... ரைட்ல ஒடி... போதும், நேராக்கு... அப்படியே வா...”

அவருடைய கையைப் பார்த்தே இளைஞன் வந்தான். ஒரே வரவில் கொக்கி தண்டுக்கு நேராக நின்றது. அப்பா தண்டைத் தானே தூக்கி மாட்டினார். பின்னைச் செருகினார். சங்கிலியை இழுத்துப் பார்த்தார், மறுபடியும் இழுத்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய், “தம்பி, வளைவுக்கு முன்னாடியே குறைச்சுடு. வளைவுல பிரேக் போடாதே. அதுங்களுக்குப் பிடிச்சுக்கக் கை கிடையாது,” என்றார்.

“சரி பெருசு,” என்று இளைஞன் பாட்டை வைத்தான்.

டிரெய்லர் வாசலைத் தாண்டியது. அண்ணன் பண்ணைக்காரரோடு முன்னால் ஏறிக்கொண்டு பட்டறைக்குப் போனான். பை அவன் மடியில் இருந்தது. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கழுவ வந்தாள். “அப்பாடா, இனிமே துணி காயப்போடலாம்,” என்றாள்.

அப்பாவும் நானும் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெருமுனையில் வளைவு வந்தது. அந்தப் பையன் வேகத்தைக் குறைக்கவில்லை.

அப்பாவின் வலது கால் மண்ணை அழுத்தியது.